நிறையச் செய்தால் லாபம் வந்துவிடுமா?

இட்லிக் கடையில் காலை 5 மணிக்கே அடுப்பு எரியத் தொடங்கி விடுகிறது. ஒரு ஈட்டுக்கு 40, 50 இட்லி. வாடிக்கைக்காரர் வருவதற்கு முன்பே இட்லி தயார். வந்தவர் காத்திருக்க வேண்டியது இல்லை. விலையும் குறைவு.

தோசை அப்படி அல்ல. ஆள் வந்து உட்கார்ந்து, "முறுகலா ஒண்ணு" என்று சொன்ன பிறகுதான் கல்லில் மாவு விழுகிறது. கேட்டவருக்குக் கேட்டபடி கிடைக்கும். ஆனால் காத்திருக்க வேண்டும். விலையும் சற்றுக் கூடுதல்.

இட்லி மிஞ்சினால் மாலையில் உதிர்த்து உப்புமா கிளறலாம். அதற்கு மேல் வழி இல்லை. தோசை மிஞ்சுவது என்ற பேச்சே கிடையாது.

உலகத்தில் உள்ள தொழிற்சாலைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான் நடக்கின்றன. முன்கூட்டியே செய்து வைத்து விற்பது ஒரு வழி. கேட்ட பிறகு செய்து கொடுப்பது மற்றொரு வழி. இரண்டையும் கலந்து செய்கிறவர்களும் உண்டு. மாவை முந்தின நாளே அரைத்து வைத்துக்கொண்டு, ஆள் வந்ததும் வார்த்துக் கொடுப்பது போல!

இதில் எந்த வழி நல்லது?

"நிறையச் செய்தால் அடக்க விலை குறையும். அடக்க விலை குறைந்தால் லாபம் தானாக வரும்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் கடன் வாங்கிப் பெரிய யந்திரம் போடுகிறார்கள். ஊறுகாய் போடும் குடும்பம், உடை தைக்கும் மகளிர் குழு, அப்பளம் இடும் பெண்கள் என்று எத்தனையோ பேர் இப்படி இறங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வீடு நிறையச் சரக்கு இருக்கிறது. கையில் காசு இல்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது.

அந்த நினைப்பு பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள உலகத்தின் பெரிய மோட்டார் கம்பெனிகளே கோடிக்கணக்கில் விலை கொடுத்திருக்கின்றன.

கார் ஆளைத் தேடி வந்தது

ஹென்றி போர்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து விவசாயியின் மகன். 1863-ல் பிறந்தவர். 1903-ல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். அந்தக் காலத்தில் கார் என்பது பணக்காரர் வீட்டுப் பொருள். கைதேர்ந்த மிஸ்திரிகள் ஒரு காரைச் சுற்றி நின்று, இழைத்து இழைத்துச் செய்வார்கள்.

1908-ல் "மாடல் டி" என்ற காரைப் போர்டு கொண்டு வந்தார். விலை 850 டாலர். அதையும் குறைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1913-ல் ஹைலண்டு பார்க் என்ற ஊரில் இருந்த தம் தொழிற்சாலையில் அவரும் அவருடைய ஆட்களும் ஒரு மாறுதல் செய்தார்கள். அதுவரை தொழிலாளி காரைத் தேடிப் போனார். இனிமேல் கார் தொழிலாளியைத் தேடி வரும்! காரின் அடிச்சட்டம் மெல்ல நகர்ந்து வரும். ஒருவர் போல்ட்டைச் செருகுவார். அடுத்தவர் நட்டைப் போடுவார். அதற்கு அடுத்தவர் முடுக்குவார். ஒருவருக்கு ஒரே வேலை. நாள் முழுவதும் அதே வேலை.

அதற்கு முன்பு ஒரு காரைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 1914-ல் அது 93 நிமிடமாகக் குறைந்தது!

விலை சரிந்தது. 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே மாடல் டி கிடைத்தது. விவசாயியும் பள்ளி ஆசிரியரும் கார் வாங்கினார்கள். 1914 முதல் 1925 வரை வந்த மாடல் டி கார்கள் எல்லாம் கறுப்பு. வேறு நிறம் வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. ஒரே மாதிரி, ஒரே நிறம் என்று இருந்ததால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது.

தொழிலாளியின் பாடு என்ன?

நாள் முழுவதும் ஒரே நட்டை முடுக்கிக்கொண்டு இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆட்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். 1913-ல் அந்தக் கம்பெனிக்குத் தேவைப்பட்ட தொழிலாளர்கள் சுமார் 14,000 பேர். அந்த எண்ணிக்கை குறையாமல் காப்பதற்கு ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டி வந்தது!

புதிய ஆளுக்கு வேலை பழக்குவது செலவு. பழகியவர் போவது நஷ்டம். 1914 ஜனவரியில் போர்டு ஓர் அறிவிப்புச் செய்தார். வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணியாகும். நாள் சம்பளம் 5 டாலர்! பழைய சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கான ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

இதைத் தருமம் என்று சிலர் புகழ்ந்தார்கள். தருமம் கொஞ்சம் இருந்திருக்கலாம்; கணக்கு நிறைய இருந்தது. மேலும், 5 டாலரும் எல்லாருக்கும் சும்மா கிடைத்து விடவில்லை. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா, பணம் சேமிக்கிறாரா என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கே ஆள் வந்தது. சம்பளம் கொடுக்கிறவர் சமையல் அறை வரை எட்டிப் பார்ப்பது எந்த ஊர் நியாயமோ!

ஆனாலும் ஒன்று உண்மை. தொழிலாளியின் சம்பளத்தை வெறும் செலவு என்று எழுதி வைத்திருந்த முதலாளிகளுக்கு, ஆள் நிலைத்து நின்றால் அதுவே வரவு என்று காட்டியவர் போர்டு.

மூடிய தொழிற்சாலை

1927-க்குள் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் வெளிவந்தன. அந்த ஆண்டு மே மாதம் என்ன நடந்தது தெரியுமா? உற்பத்தி நின்றது.

கார் கெட்டுப் போகவில்லை. ஜனங்களின் மனம் மாறியிருந்தது. முதல் கார் வாங்கியபோது, ஓடினால் போதும் என்று இருந்தவர்கள், இரண்டாவது கார் வாங்கும்போது நிறம் கேட்டார்கள், சொகுசு கேட்டார்கள். போர்டின் யந்திரங்களோ ஒரே ஒரு காரைச் செய்வதற்கென்றே அமைந்தவை. வேறு மாதிரி செய்ய வேண்டுமானால் தொழிற்சாலையையே பிரித்து மாட்ட வேண்டும். அதற்கு ஆறு மாதம் பிடித்தது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். டிசம்பர் மாதம்தான் "மாடல் ஏ" என்ற புதிய கார் வெளிவந்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. இட்லிக் கடைக்கு நாள் வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 300 இட்லி விற்றால், ஓர் இட்லி தலையில் 1 ரூபாய் வாடகை விழும். 100 இட்லிதான் விற்றது என்றால் 3 ரூபாய் விழும். அரிசியும் உளுந்தும் இட்லி கூடினால் கூடும், குறைந்தால் குறையும். வாடகை அப்படிக் குறையாது. விற்றாலும் விற்காவிட்டாலும் நிற்கும் செலவு அது. நிலைச் செலவு என்று இதற்குப் பெயர். யந்திரம் பெரிதாகப் பெரிதாக நிலைச் செலவும் பெரிதாகும். நன்றாக விற்கும் நாளில் அதுவே பலம். விற்காத நாளில் அதுவே கழுத்தில் கட்டிய கல்.

சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் இதே போர்டு கம்பெனி நடத்திய தொழிற்சாலை நினைவுக்கு வருகிறதா? அங்கே செய்த கார்கள் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறின. வேலைத் திறமைக்குக் குறைவு இல்லை. ஆனால் இந்தியாவில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைகள் செய்யக்கூடிய கார்களில் ஒரு பகுதிக்குத்தான் கிராக்கி இருந்தது. 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் கம்பெனி அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கடைசிக் கார் வெளிவந்தது. தவணை கட்டி வீடு வாங்கியிருந்த தொழிலாளிக்கு, நிலைச் செலவு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

எண்ணிப் பார்த்த தலைவர்

போர்டுக்குப் போட்டியாக வளர்ந்தது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. 1923-ல் அதன் தலைவரானவர் ஆல்பிரட் ஸ்லோன். ஒரே கார் என்பதை அவர் ஏற்கவில்லை. பணப்பைக்குத் தக்க கார் என்று படி வைத்தார். கீழ்ப்படியில் செவர்லே. மேல்படியில் காடிலாக். நடுவில் வேறு சில. சம்பளம் உயர உயர, வாங்குகிறவரும் படி ஏறலாம். தவணைக் கடனும் உண்டு. 1927-ல் செவர்லே விற்பனையில் போர்டை முந்தியது.

ஆனால் ஸ்லோனுக்கும் ஒரு சறுக்கல் வந்தது. 1924-ல் விற்பனை மந்தம் என்று அவருக்குச் சந்தேகம். அதிகாரிகளோ, எல்லாம் சரியாக நடக்கிறது என்றார்கள். அவர் ரயில் ஏறினார். செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஊர் ஊராகப் போய் ஏஜெண்டுகளின் இடங்களைப் பார்த்தார். விற்காத கார்கள் வரிசை வரிசையாக நின்றன! உற்பத்தியைக் குறைக்கும்படி உடனே உத்தரவு போட்டார்.

அதோடு விடவில்லை. 10 நாளைக்கு ஒரு முறை, எத்தனை கார் விற்றது, எத்தனை கையிருப்பு என்று ஒவ்வோர் ஏஜெண்டும் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த உற்பத்தி.

நிர்வாகம் என்ற பெரிய சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். எத்தனை செய்தோம், எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்ற மூன்று எண்களை எழுத 20 பக்க நோட்டு போதும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளே எழுதித் தருவாள். பல வீட்டுத் தொழில்களில் அந்த நோட்டு இல்லை. கல்லாப் பெட்டியில் கிடக்கும் பணத்தைப் பார்த்து லாபம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் பாதி, சரக்குக் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய பணமாக இருக்கும்.

போர்டு கம்பெனி 1921 தொடக்கத்தில் வேறு வழியைப் பிடித்தது. கையில் பணம் இல்லை. கார்கள் தேங்கிக் கிடந்தன. கேட்காத கார்களை ஏஜெண்டுகளுக்கு அனுப்பி, பணம் கட்டு என்றது. ஏஜெண்டுகள் பாங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். கம்பெனி பிழைத்தது. கடன் ஏஜெண்டு தலையில்!

நூல் அறுந்தால் நிற்கும் தறி

ஜப்பானில் கதை வேறு விதம்.

சாக்கிச்சி டொயோடா ஒரு தச்சருடைய மகன். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை அவர் செய்தார். நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் துணி முழுவதும் பாழ். நின்றுவிட்டால் ஒரு முடிச்சோடு போய்விடும். அவருடைய மகன் கீச்சிரோ 1937-ல் மோட்டார் கம்பெனி ஆரம்பித்தார்.

போருக்குப் பிறகு ஜப்பானில் பணத் தட்டுப்பாடு. செய்த லாரிகள் விற்கவில்லை. கம்பெனி மூழ்கும் நிலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேற நேர்ந்தது. வேலைநிறுத்தம் நடந்தது. 1950-ல் கீச்சிரோ தலைமைப் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டு கொரியா போர் மூண்டு லாரிகளுக்கு ஆர்டர் வந்ததால் கம்பெனி தப்பியது. இரண்டு ஆண்டில் கீச்சிரோ காலமானார்.

விற்காத சரக்கு ஒரு முதலாளியையும் ஆயிரம் குடும்பங்களையும் என்ன செய்யும் என்பதை அங்கே இருந்தவர்கள் மறக்கவில்லை. அவர்களில் ஒருவர் தாயிச்சி ஓனோ. அமெரிக்காவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி அவருக்குத் தெரிய வந்தது. வாடிக்கைக்காரர் தட்டிலிருந்து எதை எடுக்கிறாரோ, அதை மட்டும் கடைக்காரர் மறுபடி அடுக்குகிறார். ஓனோவுக்குப் பொறி தட்டியது. தொழிற்சாலையிலும் அப்படிச் செய்தால் என்ன?

பின்னால் இருக்கும் பட்டறை தன் இஷ்டத்துக்குச் செய்து தள்ளக் கூடாது. முன்னால் இருப்பவர் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக மட்டும் செய்ய வேண்டும். எத்தனை வேண்டும் என்பதை ஒரு சீட்டு சொல்லும். அந்தச் சீட்டுக்கு "கன்பான்" என்று பெயர். சீட்டு வரவில்லையா? செய்யாதே!

தேவைக்கு மேல் செய்வதுதான் வீண்களில் பெரிய வீண் என்பது ஓனோவின் கட்சி. அது மற்றத் தவறுகளையும் மறைத்து விடும். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தால் அடியில் கிடக்கும் பாறை தெரியாது அல்லவா?

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் அடக்க விலை ஏறாதா? ஒரு யந்திரத்தில் அச்சு மாற்றச் சில மணி நேரம் ஆகும் என்றால், மாற்றாமல் குவிக்கத்தான் தோன்றும். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியியல் நிபுணரும் டொயோட்டா தொழிலாளர்களும் அந்த இடத்தையே பிடித்தார்கள். பெரிய அழுத்து யந்திரம் ஒன்றில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆயிற்று. அதைப் படிப்படியாக 3 நிமிடத்துக்குக் கொண்டு வந்தார்கள். யந்திரம் ஓடும்போதே அடுத்த அச்சைத் துடைத்து, அளந்து, பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்வதுதான் முக்கியமான தந்திரம். முதல் தோசை கல்லில் இருக்கும்போதே அடுத்ததற்கு வெங்காயம் நறுக்கி வைக்கும் பெண்மணிக்கு இது புதிது அல்ல.

தறியின் பாடமும் தொழிற்சாலைக்குள் வந்தது. தவறு கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம். தலைவர் ஓடி வருவார். சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும்.

ஆள் அதே ஆள்தான்!

இந்தக் கயிறு அமெரிக்காவுக்கும் போயிற்று. கலிபோர்னியாவில் பிரிமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது. கெட்ட பெயர் எடுத்த இடம். ஆட்கள் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை, சண்டை, கார்களில் குறை. 1982-ல் மூடிவிட்டார்கள்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவுடையது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள்! கயிற்றை இழுக்கும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே செய்த கார்கள் ஜப்பானில் செய்தவற்றோடு போட்டி போட்டன. வேலைக்கு வராதவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

"ஆள் சரியில்லை" என்று எடுத்த எடுப்பில் சொல்லும் முதலாளிகள் பிரிமாண்ட் கதையைப் படிக்க வேண்டும்.

அதற்காக டொயோட்டா முறையைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதும் இல்லை. கையிருப்பே இல்லாமல் நடப்பது கயிற்றின் மேல் நடப்பது போல. 1997 பிப்ரவரி 1-ந் தேதி, அய்சின் என்ற கம்பெனியில் தீப்பிடித்தது. பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறிய வால்வு அங்கேதான் வந்து கொண்டிருந்தது. டொயோட்டாவிடம் கையிருப்போ சில மணி நேரத்துக்கு மட்டும். ஜப்பானில் இருந்த அதன் தொழிற்சாலைகள் அநேகமாக எல்லாம் நின்றுவிட்டன! தையல் யந்திரம் செய்யும் கம்பெனி வரை பல பட்டறைகள் இராப்பகலாக அந்த வால்வைச் செய்து கொடுத்தன. ஒரு வாரத்துக்குள் கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் வளர்த்த உறவு அன்று கை கொடுத்தது.

அந்த உறவு இல்லாமல், முறையை மட்டும் காப்பி அடிக்கும் கம்பெனிகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். தங்கள் கிடங்கைக் காலி செய்துவிட்டு, "நாங்கள் கேட்கும் நேரத்தில் கொண்டு வா, பணம் மூன்று மாதம் கழித்து" என்று சிறிய பட்டறைக்காரரிடம் சொன்னால், கையிருப்பு ஒழிந்ததாக ஆகுமா? சுமை இடம் மாறியிருக்கிறது. 1921-ல் ஏஜெண்டு தலையில் ஏறிய அதே சுமைதான். வலிமை உள்ளவர் வைத்துக்கொள்ள வேண்டிய சரக்கை வலிமை இல்லாதவர் வட்டிக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார். இதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர் சூட்டுவது சரியல்ல.

டொயோட்டாவே பிறகு கொஞ்சம் மாறியது. 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்து மாதக்கணக்கில் உற்பத்தி கெட்டது. அதன் பிறகு, காரில் வைக்கும் மின்னணுச் சில்லு போன்ற சாமான்களை, கொடுப்பவர்களே சில மாதத் தேவைக்குக் கையிருப்பு வைக்க ஏற்பாடு செய்தது. 2021 தொடக்கத்தில் சில்லுக் கிடைக்காமல் மற்றக் கம்பெனிகள் தவித்தபோது டொயோட்டா ஓடியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தித் திட்டத்தை 40 சதவிகிதம் குறைக்க நேர்ந்தது.

ஆகையால் வீட்டுத் தொழில் செய்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது, எதைக் குவிப்பது, எதைக் குவிக்காமல் இருப்பது என்பதுதான். ஊறுகாய்த் தொழிலைப் பார்க்கலாம். மாங்காய் ஆண்டு முழுவதும் கிடைக்காது. மலிந்து வரும் காலத்தில் வாங்கி உப்பில் போட்டு வைத்துத்தான் ஆக வேண்டும். அதில் பணம் முடங்கினாலும் பரவாயில்லை. ஆனால் அத்தனையையும் அன்றே மிளகாய்ப் பொடி போட்டு, எண்ணெய் ஊற்றி, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி அடுக்க வேண்டுமா? மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் பாட்டிலும் எந்த வாரமும் கடையில் கிடைக்கும். ஆந்திரா காரம் கேட்கும் கடையும் இருக்கும். பூண்டு வேண்டும் என்று கேட்கும் கடையும் இருக்கும். உப்பில் ஊறிய மாங்காய் ஜாடியில் இருக்கட்டும். ஆர்டர் வந்த பிறகு தாளிக்கலாம்.